பப்பாளி நொதிக் களிம்பு: படுக்கைப் புண்ணில் செத்த சதையை எடுக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் பஞ்சாயத்து பாலியேட்டிவ் (வலி, வேதனை தணிக்கும் பராமரிப்பு) நர்ஸ் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றுவார். அவர் வராத நாட்களில் அது வீட்டாரின் வேலை. பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ டாக்டர் எழுதித் தந்த பப்பெயின்-யூரியா களிம்பு “கேட்கவில்லை” என்று ஓரமாகக் கிடந்தால், முதலில் பார்க்க வேண்டியது புண்ணை எதனால் கழுவினீர்கள் என்பதைத்தான்.

பப்பெயின் பச்சைப் பப்பாளிக் காயின் பாலிலிருந்து எடுக்கப்படும் நொதி. 212 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 25-வது இடத்தில் நிற்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம்தான் புரதத்தை வெட்டும் கத்தி. செத்த சதையில் சுருண்டு கிடக்கும் புரதத்தை யூரியா விரித்துக் கொடுக்கும், பப்பெயின் அதைத் துண்டாக்கும். ரத்தம் ஓடும் சதையில் இந்த நொதியை மடக்கும் தடுப்புப் புரதங்கள் உண்டு. அதனால் அங்கே வெட்டு மட்டுப்படும்.

அந்தக் கந்தகம் கெட்டால் களிம்பு வெறும் பசை. ஹைட்ரஜன் பெராக்சைடும் பெட்டாடினில் உள்ள அயோடினும் அதை ஆக்சிஜனேற்றிவிடும். தீக்காயத்துக்குப் போடும் சில்வர் களிம்பில் உள்ள வெள்ளி அதோடு ஒட்டிக்கொள்ளும். நுரை பொங்கினால்தான் புண் சுத்தமானது என்று பெராக்சைடு ஊற்றும் பழக்கத்தை இந்தக் களிம்பு போடும் நாட்களில் விட்டுவிட வேண்டும்.

கழுவ நார்மல் சலைன் (மருந்துக்கடை உப்புநீர்) போதும். பாட்டில் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 9 கிராம் உப்பு (தலை தட்டிய ஒன்றரை டீஸ்பூன்) கரைத்து, மூடி வைத்து ஆறவிடுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகப் போடுவது நல்லது. கையை சோப்பால் கழுவி, கையுறை மாட்டி, பழைய கட்டை சலைனில் ஊறவைத்து எடுங்கள். வறட்டு வறட்டென்று இழுத்தால் புதுச்சதையும் சேர்ந்து வரும். முன்பு பெட்டாடின் போட்டிருந்தால் அந்தப் பழுப்பு நிறம் போகும்வரை சலைன் ஊற்றுங்கள்.

புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் மெல்லிசாகப் பூசுங்கள். கரைந்து வழியும் நீர் அங்கே பட்டால் தோல் வெந்து சிவக்கும். பிறகு மஞ்சளாகவோ சாம்பலாகவோ ஒட்டிக்கிடக்கும் செத்த சதைமேல் மட்டும், இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கிய கனத்தில், அதாவது சுமார் 3 மி.மீ., களிம்பை வைக்க வேண்டும். மேலே சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணி, அதன்மேல் உலர்ந்த பேட். நாளைக்கு ஒரு தடவையா இரண்டு தடவையா என்பது டாக்டர் சொன்னபடி. ஈரம் காய்ந்தால் நொதி நின்றுவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் காஸ் சீக்கிரம் வறண்டுவிடும், தொட்டுப் பாருங்கள்.

கறுத்துக் கெட்டியான பொருக்கின்மேல் அப்படியே பூசினால் உள்ளே இறங்காது. டாக்டரோ நர்ஸோ அதைக் கட்டம் கட்டமாகக் கீறிவிட்ட பிறகுதான் பலன். ஆனால் குதிகாலில் காய்ந்து, சுற்றிலும் சிவக்காமல், நீர் கசியாமல் நிற்கும் கறுப்புப் பொருக்கை, அதிலும் சர்க்கரை நோயாளிக்கு, நீங்களாகக் கரைக்கப் போகாதீர்கள். காலில் ரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் அந்தப் பொருக்குதான் மூடி.

போட்டதும் சிறிது நேரம் எரியும். எரிச்சல் விடவில்லை என்றால் சலைனால் கழுவிவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். முதல் சில நாட்கள் மஞ்சள் கூழாக வழிவது கரைந்த சதை; உடனே சீழ் என்று பயப்பட வேண்டாம். நாற்றம் நாளுக்கு நாள் ஏறுவது, சுற்றிலும் சூடாகிச் சிவப்பு பரவுவது, காய்ச்சல் வருவது வேறு கதை: அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பப்பாளி, ரப்பர் பால் ஒவ்வாதவர்களுக்கு இது கூடாது. ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் உள்ள வீடுகளில் இதைக் கேட்டே ஆக வேண்டும், பூசுகிறவர் உட்பட. அமெரிக்காவில் பப்பெயின் களிம்புகளை விற்பனையிலிருந்து நிறுத்தும்படி 2008-இல் உத்தரவிட்டதற்கு முக்கியக் காரணம் ரத்த அழுத்தம் விழும் அளவுக்கு வந்த ஒவ்வாமைதான். அங்கே தீக்காயத்துக்கு 2022 டிசம்பரில் அனுமதி பெற்றது அன்னாசித் தண்டிலிருந்து எடுத்த நொதி மருந்து. நான்கு மணி நேரம் மட்டும் வைத்து எடுப்பது, ஆஸ்பத்திரிக்குள் மட்டுமே. பச்சைப் பப்பாளிப் பாலைத் தோட்டத்திலிருந்து நேராகப் புண்ணில் வைப்பது இதற்கெல்லாம் மாற்று ஆகாது: அளவு தெரியாது, கிருமி நீக்கியதும் இல்லை.

படுக்கை அழுத்தம் குறையாமல் எந்தக் களிம்பும் கேட்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், ஏர் பெட் இருந்தாலும்.

புண்ணின் அடி முழுக்கச் சிவந்து, குருணை குருணையாகச் சதை எழும்பியதும் இந்தக் களிம்பை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் போட்டால் எரிச்சல்தான் மிச்சம். மீதி ட்யூபைப் பக்கத்து வீட்டுப் புண்ணுக்குக் கொடுக்க வேண்டாம். அதன் நுனி உங்கள் வீட்டுப் புண்ணைத் தொட்டிருக்கும்.