தயோனைல் குளோரைடு வினையில் வரும் வாயுவைப் பிடிப்பது எப்படி?

ஃபியூம் ஹூட் (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) இருக்கும்போது, வாயுவைக் கரைசலில் பிடித்துச் சுத்தம் செய்யும் ஸ்க்ரப்பர் தனியாக எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். ஹூட் வாயுவை உங்கள் மூக்கிலிருந்து விலக்கிக் கூரைக்கு அனுப்பும், அவ்வளவுதான். சுத்தம் செய்யாது. தயோனைல் குளோரைடால் பென்சாயிக் அமிலத்தைப் பென்சாயில் குளோரைடாக மாற்றும்போது ஹைட்ரஜன் குளோரைடும் சல்பர் டைஆக்சைடும் கிளம்பும். இரண்டையும் காஸ்டிக் சோடா பிடித்துக்கொள்ளும்.

முதலில் கணக்கு. 10 மி.லி. தயோனைல் குளோரைடு என்பது சுமார் 16.4 கிராம், அதாவது 0.14 மோல். வினைபுரியாமல் மிஞ்சியதும் ஸ்க்ரப்பர் தண்ணீரில் பட்டுச் சிதையும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மோலுக்கு 4 மோல் காஸ்டிக் சோடா வேண்டும். அப்படியானால் 22 கிராம். கையிருப்பு வேண்டாமா? 35 கிராம் எடுங்கள்.

அகன்ற பீக்கரில் 350 மி.லி. குளிர்ந்த தண்ணீரை வைத்துக் கலக்கிக்கொண்டே காஸ்டிக் சோடா வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நன்றாகச் சூடேறும், ஆறவிடுங்கள். வில்லைகளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இப்போதே போட்டிருக்க வேண்டும்.

அடுத்து இணைப்பு, எல்லாம் ஹூட்டுக்குள்ளேயே. வினைக் குடுவையின் மேல் இருக்கும் கண்டென்சரின் (ஆவியைக் குளிர்விக்கும் குழாய்) தலையில், ஈரத்தைத் தடுக்கும் கால்சியம் குளோரைடு குழாய், அதை இறுக்கி அடைக்க வேண்டாம். அதன் பிறகு 500 மி.லி. காலி பாட்டில், கடைசியில் பீக்கருக்கு மேலே கவிழ்த்த புனல். காலி பாட்டிலில் கண்டென்சர் பக்கக் குழாய் குட்டையாகவும், பீக்கர் பக்கக் குழாய் அடிவரை நீண்டும் இருக்கட்டும்.

இந்த ஏற்பாடெல்லாம் ஒரே பயத்துக்காகத்தான். ஹைட்ரஜன் குளோரைடு தண்ணீரில் அசுர வேகத்தில் கரையும். 1 லிட்டர் தண்ணீர் 400 லிட்டருக்கு மேல் விழுங்கிவிடும். குழாயை நேராக முக்கி வைத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து கரைசல் பின்னோக்கி ஏறும். தயோனைல் குளோரைடு இருக்கும் குடுவைக்குள் அது போனால் வெடித்துச் சிதறும். அதனால் புனலின் விளிம்பு கரைசலை லேசாகத் தொட்டால் போதும். கரைசல் புனலுக்குள் ஏறினால் பீக்கரின் மட்டம் இறங்கும், விளிம்பு வெளிப்படும், காற்று நுழையும், ஏறியது கீழே விழும். அதையும் மீறி வருவதைக் காலி பாட்டில் வாங்கிக்கொள்ளும்.

சரி, இனி தயோனைல் குளோரைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் சூடாக்கலாம். இடையிடையே பீக்கரை பிஎச் தாளால் பாருங்கள். 10-க்குக் கீழே இறங்கினால் புதுக் கரைசல் மாற்ற வேண்டும். முடிக்கும்போது முதலில் புனலைக் கரைசலிலிருந்து தூக்குங்கள், அப்புறம்தான் சூட்டை அணைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், குடுவை ஆறும்போது கரைசலை இழுக்கும்.

தயோனைலுக்குப் பதில் ஆக்ஸாலில் குளோரைடு பயன்படுத்தினால் கார்பன் மோனாக்சைடும் வரும். அது காஸ்டிக் சோடாவைக் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும். அங்கே ஹூட் ஒன்றுதான் துணை. பிடிக்க வேண்டிய வாயு அம்மோனியா என்றால் காஸ்டிக் சோடா உதவாது, நீர்த்த கந்தக அமிலம் வேண்டும்.

பயன்படுத்திய கரைசலை அமிலக் கழிவுக் கேனில் ஊற்றிவிடாதீர்கள். பிடித்து வைத்த சல்பர் டைஆக்சைடு அத்தனையும் திரும்ப வெளியே வரும். காரக் கழிவு என்று பெயர் எழுதித் தனி பாட்டிலில் வையுங்கள்.