சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

"பங்களாதேஷ்காரன் வந்துதான் நம்ம வேலை போச்சு." மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தின் கோப்பிக்கடையில் இந்தப் பேச்சு கிளம்பினால், இடதுசாரித் தொண்டர் இது இனவாதம் என்று பாடம் எடுப்பார், இல்லாவிட்டால் ஓட்டுக்காகத் தலையாட்டுவார். பாடம் எடுத்தால் மேசை காலியாகும். தலையாட்டுவது அதைவிட மோசம். இனம் பேசி ஓட்டு வாங்க அசல் கட்சிகளே இருக்க, நகலை யார் சீண்டுவார்?

கோபம் நிஜம், குறிதான் தப்பு. செராமா (அரசியல் பொதுக்கூட்டம்) மேடை வேண்டாம். ஒரு வீட்டில் எட்டுப் பத்துப் பேரை உட்கார வைத்து, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65.38. செம்பனைக் குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் இதற்குக் குறையக் கூடாது. குத்தகைக்காரர் சீட்டே தராத இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. வேலை செய்த நாட்களை நோட்டில் குறித்து வைத்துத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

அடுத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 1,700 வெள்ளிக்கு உள்ளூர்க்காரருக்கு முதலாளி கட்டும் இபிஎஃப் 13 விழுக்காடு, 221 வெள்ளி. வெளிநாட்டவருக்கு 2025 அக்டோபரிலிருந்து 2 விழுக்காடு, 34 வெள்ளி. முதலாளிக்கு மிச்சம் 187. லெவி (வெளிநாட்டுத் தொழிலாளர் வரி), பெர்மிட் செலவு உண்டு என்பதை மறைக்காதீர்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். இந்த வித்தியாசத்தைச் சட்டமாக்கியது டாக்காவிலிருந்து வந்தவரா என்று பிறகு கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே விழுக்காடு என்ற கோரிக்கை அங்கேயே பிறக்கும்.

ஆனால் சேவை செய்தால் ஓட்டு தானாக விழும் என்று நம்ப வேண்டாம். 2008இல் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்த சோசலிசக் கட்சியின் ஜெயக்குமார் 2013இலும் சுங்கை சிப்புட்டைத் தக்கவைத்தார். 2018இல் அந்தக் கட்சி தனித்து நின்றபோது தொகுதி கைநழுவியது. தேசிய அலை அடிக்கும்போது தோட்டத்து நன்றி மட்டும் கரைசேர்க்காது. மற்ற கட்சிகளோடு தொகுதி உடன்பாட்டை முன்கூட்டியே பேசுங்கள்.

2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதானால் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகவே ஏறிவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் செராமாவுக்கு வரமாட்டார்கள், டிக்டாக்கில் இருக்கிறார்கள். நாற்பது விநாடி, ஒரே சீட்டு, ஒரே கணக்கு. பேச்சு தோட்டத்துத் தமிழில், எழுத்து மலாயில்; பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர் கையிலும் அதே சீட்டுதான். ஏற்றும் முன் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், தோட்டத்தின் பெயர் மூன்றையும் மறையுங்கள். ஒன்று தெரிந்தாலும் மறுநாள் மண்டோர் (தோட்டக் கண்காணி) கூப்பிட்டு விசாரிப்பார், அதன்பின் அந்த வீட்டில் யாரும் சீட்டு காட்டமாட்டார்கள்.