பழைய பாய்மரப் படகின் டீசல் இன்ஜினில் ஏர் லாக் எடுப்பது எப்படி?

மலேசியாவின் லங்காவித் தீவில் நிற்கும் என் பாய்மரப் படகில் இருப்பது யான்மார் 2ஜிஎம்20. இரண்டு சிலிண்டர், 18 குதிரைத்திறன், கடல்நீரால் நேரடியாகக் குளிரும் இன்ஜின். இங்கே சொல்வது அதை வைத்துத்தான். மற்ற பழைய சிறு டீசல் இன்ஜின்களில் திருகுகள் இருக்கும் இடம் மாறலாம். வேலையின் வரிசை மாறாது.

டீசல் ஃபில்டரை மாற்றிய பிறகு இன்ஜின் கிளம்பிச் சில நிமிடங்களில் திணறி நிற்கிறதா? ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் துளிப் புகைகூட வரவில்லையா? அப்படியானால் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறது; இதுதான் ஏர் லாக். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டரை அடைகிறது, ஆனால் எரியவில்லை; அதற்கு இந்தப் பதிவு உதவாது.

ஸ்பானரை எடுக்கும் முன் கடல்நீர் வால்வை (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே வரும் வழி) மூடுங்கள். இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் இன்ஜினை இழக்க நேரலாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் தண்ணீர் பம்பும் சுற்றிக் கடல்நீரை சைலன்சருக்குள் தள்ளும். இன்ஜின் ஓடினால் புகையின் வேகம் அந்த நீரை வெளியேற்றிவிடும். ஓடாவிட்டால் நீர் சைலன்சரில் நிறைந்து, பின்னோக்கி ஏறி, எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். நீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். வால்வை மூடியதும் இன்ஜின் சாவியை வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவைப்பது என் வழக்கம். சாவியை எடுக்கப் போகும்போது வால்வு நினைவுக்கு வந்துவிடும். இன்ஜின் கிளம்பியதும் உடனே வால்வைத் திறக்க வேண்டும்; நீரில்லாமல் சுற்றினால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் விரைவில் கிழிந்துவிடும். துணைக்கு ஒருவர் வால்வருகே உட்கார்ந்திருப்பது நல்லது.

டேங்க் வால்வைத் திறந்து, இன்ஜின் மேலுள்ள ஃபில்டரின் தலையிலிருக்கும் திருகைத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். அடியில் குழந்தைகளுக்கான டயப்பர் ஒன்றை விரித்துவிடுங்கள். சிந்தும் டீசலை அது பிடித்துக்கொள்ளும். பிறகு, டேங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் ஃபீட் பம்பின் கை லீவரை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள்.

நான் நெடுநேரம் சிக்கிக்கொண்டது இந்த லீவரில்தான். லீவர் அசையும், ஆனால் டீசல் வராது. கையில் எதிர்ப்பே தெரியாது. பம்ப் பழுது என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்குபவர்கள் உண்டு. காரணம் எளிது. ஃபீட் பம்பை இயக்குவது இன்ஜினுக்குள் சுழலும், ஒரு பக்கம் மேடான கேம். இன்ஜின் நின்றபோது கேமின் மேடு பம்பின் கரத்தை அழுத்திய நிலையில் இருந்தால், உள்ளிருக்கும் டயஃப்ரம் ஏற்கெனவே இழுபட்டிருக்கும். கை லீவருக்கு இழுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவர்களைத் தூக்கிவிட்டு, கிராங்க் புல்லியை இன்ஜின் ஓடும் திசையிலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கேம் அரைச் சுற்று நகர்ந்திருக்கும். இப்போது லீவரை அழுத்தினால் டயஃப்ரம் இழுபடுவது கைக்கே தெரியும்.

திருகில் முதலில் நுரை வரும், பிறகு குமிழ்கள், கடைசியில் சுத்தமான டீசல். குமிழ் நின்ற பிறகும் சிறிது நேரம் அடித்துவிட்டு மூடுங்கள். அடுத்து, டீசலை உயர் அழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்குத் தள்ளும் எஃப்.ஐ. பம்புக்குள் குழாய் நுழையும் போல்ட்டிலும் இதையே செய்யுங்கள். கழற்றிய இடத்திலெல்லாம் புதிய செம்பு வாஷர் போடுங்கள். டீசல் குழாயின் மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அதன் இழைகள், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போய் அடைக்கும்.

கடைசியாக இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகள். 17 மில்லிமீட்டர் ரிங் ஸ்பானரில் குழாய்க்காக ஒரு வெட்டு விட்ட வகையை வாங்கிக்கொள்ளுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பானரை இந்த வேலைக்கு நான் படகிலேயே வைத்திருப்பதில்லை, நட்டின் மூலைகளை அது மழுக்கிவிடுகிறது. நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்தி, டீகம்ப்ரஷன் லீவர்கள் தூக்கியிருக்க, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் வேண்டாம். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் நட்டுகளை இறுக்குங்கள். விரலை அருகே கொண்டுபோகாதீர்கள். இந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஆக்சிலரேட்டரைப் பாதியாகக் குறைத்து, லீவர்களை இறக்கி, கிளப்புங்கள். உடனே கடல்நீர் வால்வு!

காற்று எப்படி வந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். ஃபீட் பம்புக்கு அப்பால் குழாயில் அழுத்தம் இருப்பதால் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணில் படும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை பம்ப் உறிஞ்சுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் சொட்டு டீசலும் வெளியே வராது, காற்று மட்டும் உள்ளே போகும். அந்த வழியிலுள்ள முதல் ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையமும் குழாய்க் கிளிப்புகளும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். மலேசியாவில் விற்கும் டீசலில் பாம் எண்ணெய் பயோடீசல் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பரை உப்பவைக்கும், ஈரத்தை இழுக்கும், டேங்கின் அடிச்சேற்றைக் கிளப்பும். பழைய குழாய்களை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

      

பின்சேர்க்கை: “முதல் நாள் நன்றாக ஓடியது, மறுநாள் காலையில் கிளம்பவில்லை” என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி வடிந்திருக்கிறது. உறிஞ்சும் பக்கத்து ஓட்டை இன்னும் இருக்கிறது. ஒரு கேனில் டீசல் ஊற்றி இன்ஜினுக்கு மேலே கட்டி, அதன் குழாயை நேராக ஃபீட் பம்பில் மாட்டி ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் பழுது பம்புக்கும் டேங்குக்கும் இடையில் இருக்கிறது. நின்றால் ஃபீட் பம்பின் டயஃப்ரத்தைப் பாருங்கள்.