18-55க்கு அடுத்து எது? ஸூமா, பிரைமா: கொழும்பில் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

கமராவோடு வந்த 18-55 லென்ஸ் கையில் இருக்கிறது. இன்னொன்று வாங்கக் காசும் சேர்ந்துவிட்டது. கடையில் கேட்டால் பெரும்பாலும் 50 மி.மீ. பிரைமைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வாங்க முன் ஒரு கிழமை பொறுத்து இந்த வேலைகளைச் செய்து பாருங்கள்.

ஸூம் லென்ஸில் வளையத்தைத் திருப்பினால் காட்சி கிட்ட வரும், எட்டப் போகும். பிரைமில் குவியத்தூரம் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) ஒன்றே ஒன்றுதான். கிட்ட வேண்டுமானால் நீங்கள்தான் நடக்க வேண்டும். எது கூர்மை என்ற விவாதத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் எடுக்கும் இடத்தில் வெளிச்சம் எவ்வளவு, நின்ற இடத்தை விட்டு அசைய முடியுமா என்ற இரண்டும்தான் முடிவைச் சொல்லும்.

படி 1: பழைய படங்களை எண்ணுங்கள்

உங்களுக்குப் பிடித்த 100 படங்களை ஒரு கோப்புறையில் போடுங்கள். ஒவ்வொரு படத்தின் விபரப் பகுதியிலும் குவியத்தூரம், ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்), ஷட்டர் வேகம் மூன்றும் பதிவாகியிருக்கும். கொப்பியில் குவியத்தூரத்துக்கு 18, 19–30, 31–54, 55 என்று நான்கு கோடு கிழித்து எண்ணுங்கள்.

55ல் குவிந்திருந்தால், இன்னும் கிட்டப் போக முடியாமல் அங்கேயே முட்டி நின்றிருக்கிறீர்கள் என்று பொருள். உங்களுக்குத் தேவை 55-250 போன்ற நீண்ட ஸூம். 50 பிரைம் வாங்கினால் அதே இடத்தில்தான் திரும்பவும் முட்டுவீர்கள். நான்கிலும் பரவிக் கிடந்தால் ஸூம்தான் உங்கள் கைக்குப் பொருந்துகிறது. நடுவில் குவிந்து, பாதிக்கு மேல் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ 3200ஐத் தாண்டியிருந்தால் மட்டும் பிரைமைப் பற்றி யோசியுங்கள்.

படி 2: வெளிச்சத்தைக் கணக்குப் பாருங்கள்

எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்லும்; எண் சிறிதானால் திறப்பு பெரிது. 18-55 லென்ஸ் 55ல் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 பிரைம் ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் போன்ற கருங்கல் மண்டபத்தில் ஸூம் 1/25 செக்கன் கேட்கிறது என்று வையுங்கள். பிரைமில் அதே ஐஎஸ்ஓவில் 1/250 கிடைக்கும். ஸூமில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும். தவில் அடிப்பவரின் கையை நிறுத்தாது. (கோயிலுக்குள் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள்.)

ஆனால் அகலத் திறந்தால் கூர்மையாக நிற்கும் ஆழம் சுருங்கிவிடும். ஏபிஎஸ்-சி சென்சாரில் (18-55 லென்ஸோடு வரும் கமராக்களில் இருப்பது) 50 மி.மீ. எஃப்/1.8ல் 1.5 மீற்றர் தூரத்தில் அது வெறும் 6 செ.மீ. பொம்பிளை தெளிவாகவும் அரையடி பின்னால் நிற்கும் மாப்பிள்ளை மங்கலாகவும் வருவது இதனால்தான். கமராவில் பிழை இல்லை. 2.5 மீற்றருக்குப் பின்வாங்கி எஃப்/4 வையுங்கள், ஏறத்தாழ 38 செ.மீ. கிடைக்கும்.

படி 3: ஸூமை ஒட்டிவிட்டுப் பழகுங்கள்

ஸூம் வளையத்தை 35ல் வைத்து, கழற்றினால் பசை ஒட்டாத காகித டேப்பால் ஒட்டுங்கள். மூன்று நாள் அப்படியே எடுங்கள். பிறகு 50ல் மூன்று நாள். காசு செலவில்லாமல் இரண்டு பிரைமையும் பாவித்துப் பார்த்ததற்குச் சமம்.

வெள்ளவத்தை மாடிவீட்டு வரவேற்பறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் 3 மீற்றர் கிடைப்பது பெரிது. அந்தத் தூரத்தில் 50 மி.மீ.க்குள் அடங்குவது 1.4 மீற்றர் அகலம்: தோளோடு தோள் இரண்டு பேர். கமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் ஒருவரைத் தலையிலிருந்து கால்வரை எடுக்க முடியாது. 35ல் 2 மீற்றர் கிடைக்கும். அதனால் கொழும்பில் வீட்டுக்குள் எடுப்பவர்களுக்கு முதல் பிரைம் 35 என்பதே எங்கள் முடிவு, 50 மலிவாகக் கிடைத்தாலும்கூட. கெனன் டிஎஸ்எல்ஆர் என்றால் 35க்குப் பதில் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் பொருந்தும். அதில் வெளிச்சம் எஃப்/1.8இன் பாதிக்கும் குறைவுதான்.

ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாளில் சனத்துக்குள் ஓரடி நகர இடமிராது. அன்றைக்கு ஸூமை மாட்டுங்கள். புதியது வாங்கினாலும் 18-55ஐ விற்க வேண்டாம்.

படி 4: பொருந்துமா என்று பாருங்கள்

நிக்கான் டி3500, டி5600 கமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்க வேண்டும். பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி அதில் பூட்டும், ஆனால் கையால்தான் ஃபோகஸ் செய்யலாம். கெனனின் ஆர்எஃப் (மிரர்லெஸ்) கமராவில் இஎஃப் (டிஎஸ்எல்ஆர்) லென்ஸ் பூட்ட அடாப்டர் வேண்டும். அதன் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

படி 5: பாவித்த லென்ஸ் என்றால்

இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து முன்னால் சரிவாகப் பாருங்கள். நாலைந்து தூசி படத்தில் தெரியாது, விட்டுவிடலாம். சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம். கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் திரும்பாது. கொழும்பின் ஈரக்காற்றில் புது லென்ஸுக்கும் இது வரும். தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி மூன்றும் போதும். முள் 40–50 சதவீதத்தில் நிற்கட்டும்.

படி 6: மாற்றும் இடம்

இரண்டு லென்ஸ் ஆகிவிட்டால் மாற்றும் வேலையும் வரும். காலி முகத்திடலில் மாற்றவே வேண்டாம். உப்புக் காற்றும் மணலும் நேரே சென்சாரில் போய் உட்காரும். எது வேண்டும் என்று வீட்டிலேயே பூட்டிக்கொண்டு போங்கள். வேறிடத்தில் மாற்றுவதென்றால் கமராவை நிறுத்தி, காற்றுக்கு முதுகு காட்டி, வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் பையைத் திறக்காமல் அரை மணிநேரம் விடுங்கள், கண்ணாடியில் நீர் படியாது.