போதைக்கு உடன்பிறப்பைப் பறிகொடுத்தால்: முதல் சில மாதங்களில் செய்ய வேண்டியவை

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பது, "எப்படி இறந்தார்?" வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னால் பொய்யைக் காப்பாற்றுவதே தனி வேலையாகிவிடும். எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரே பதிலை முடிவு செய்யுங்கள். "ரொம்ப நாளாகப் போதைப் பழக்கத்தோடு போராடினார், அதிலேயே போய்விட்டார்" என்பது போதும். மேற்கொண்டு துருவினால், "இப்போது பேச முடியவில்லை." பெற்றோர் மாரடைப்பு என்றே சொல்ல விரும்பினால் சண்டை பிடிக்காதீர்கள். ஆனால் நீங்கள் உள்ளதைச் சொல்லி அழ ஓரிருவராவது வேண்டும். மறைத்த சாவுக்கு எவராலும் ஆறுதல் சொல்ல முடியாது. குழந்தைகளிடம் "தூங்கிவிட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் தூங்கவே பயப்படும்.

அறையைக் காலி செய்ய அவசரமில்லை. போலீஸ் விசாரணை இருந்தால் அது முடியும்வரை எதையும் தொட வேண்டாம். பிறகு ஊசி, பொடி, மாத்திரைகளை மட்டும் முதலில் அகற்றுங்கள். சட்டைப் பைக்குள்ளோ மெத்தைக்கு அடியிலோ கையை விடாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போனால் கையில் குத்திக்கொள்வீர்கள். கையுறை போட்டு, இடுக்கியால் எடுத்து, முனை கீழே இருக்கும்படி கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, எங்கே ஒப்படைப்பது என்று மருத்துவமனையில் கேளுங்கள். மற்றத் துணிமணிகள் மாதக்கணக்கில் கிடந்தாலும் தப்பில்லை. செல்போன் எண் ரத்தாவதற்குள் குரல் பதிவுகளையும் படங்களையும் வேறு இடத்தில் சேமியுங்கள். அதிலுள்ள செய்திகளை ராத்திரியில் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். "எனக்குப் பணம் தர வேண்டும்" என்று வருகிறவரிடம் அன்றைக்கே எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆளை அதிகம் அரிப்பது குற்ற உணர்ச்சிதான். "அன்றைக்குப் போனை எடுத்திருந்தால்", "பணம் கொடுக்காமல் இருந்திருந்தால்" என்று மனம் சுற்றிச் சுற்றி வரும். ஒரு தாளை இரண்டாக மடித்து, இந்தப் பக்கம் அன்று உங்களுக்குத் தெரிந்திருந்ததையும், அந்தப் பக்கம் பிறகு தெரியவந்ததையும் எழுதுங்கள். உங்கள் மேல் நீங்களே சாட்டும் குற்றங்களில் பெரும்பாலானவை பின்னதை வைத்துத்தான் நிற்கும்.

சிகிச்சை முடிந்து வந்தபின் இறந்திருந்தால், "மறுவாழ்வு மையத்தில் சேர்த்ததே நாங்கள்தானே" என்று தோன்றும். நடப்பது இதுதான்: ஹெராயின் போன்றவற்றை நிறுத்தினால் அவற்றைத் தாங்கும் பழக்கம் உடம்புக்குச் சீக்கிரமே குறைந்துவிடுகிறது. பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு மெல்ல அடங்கி நின்றுபோகும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். அது சேர்த்துவிட்டவரின் குற்றமல்ல. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு, உடம்பில் என்னென்ன போதைப் பொருள் இருந்தது என்று சொல்லும் ரசாயனப் பரிசோதனை அறிக்கை வர வாரக்கணக்கில் ஆகலாம். வந்ததும் மருத்துவர் ஒருவரை வைத்துக்கொண்டு படியுங்கள்.

கோபம் வரும். திருடிய நகை, உடைத்த கதவு, அம்மாவை அழவைத்த இரவுகள் எதுவும் சாவோடு அழியாது. கூடவே, இனி நடுராத்திரியில் போன் அடிக்காது என்ற நிம்மதியும் வரும். அதற்காகத்தான் பலர் வெட்கப்படுகிறார்கள். வருஷக்கணக்கில் பயந்து கிடந்த உடம்பு தளர்கிறது, அவ்வளவுதான். பாசம் இல்லை என்று அதற்கு அர்த்தமல்ல. ஒரு கடிதத்தில் இரண்டையும் எழுதுங்கள். போதைக்கு முந்தைய ஆளைப் பற்றியும் அதே கடிதத்தில் எழுதுங்கள், அவரை நீங்கள் எப்போதோ இழந்துவிட்டீர்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் "அப்பா அம்மாவைப் பார்த்துக்கோ" என்பார்கள், உங்களை யாரும் கேட்கமாட்டார்கள். வாரத்தில் சில பொழுதுகளாவது பெற்றோரை இன்னொரு உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே போங்கள். தூக்கம் வரவில்லையென்று மதுவையோ வீட்டில் கிடக்கும் மாத்திரையையோ தொடவே தொடாதீர்கள். போதைக்கு ஆட்படும் இயல்பில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள். 6 மாதம் தாண்டியும் சாப்பாடு, வேலை, தூக்கம் எதுவும் பழைய நிலைக்கு வரவில்லையென்றால், நீடித்த துக்கத்துக்கென்றே சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நினைவு நாளையும் பிறந்த நாளையும் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நீங்கள் இளையவரானால், அண்ணனோ அக்காவோ இறந்த வயதை நீங்கள் தாண்டும் நாளும் ஒன்று இருக்கிறது. அதையும் காலண்டரில் குறித்து லீவு போட்டுவிடுங்கள்.