டெல்லியில் உதவிப் பேராசிரியர் வேலை: விண்ணப்பிக்கும் முன் ஓபிசி சான்றிதழைச் சரிபாருங்கள்

டெல்லிப் பல்கலைக்கழகம், ஜேஎன்யு, ஜாமியா என்று கண் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு இது. முதுகலையில் 55 சதவீதமும் (ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50) நெட் (யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் கையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். 2023 ஜூலை முதல் இந்தப் பதவிக்குப் பிஎச்டி கட்டாயமில்லை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய்.

முதலில் விளம்பரம். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃபை நம்பாமல், பல்கலைக்கழகத் தளத்திலிருந்தே இறக்குங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

அடுத்தது நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம். பள்ளியில் வாங்கிய பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அது மாநில அரசுக்கானது. மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயர் இல்லை' (ஓபிசியில் வசதி படைத்த பிரிவைச் சேர்ந்தவர் அல்ல) என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். இதற்கு முன் மத்திய ஓபிசி பட்டியலில் உங்கள் சாதியின் பெயரைத் தேடுங்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் அதில் இல்லை, எழுத்துக்கூட்டலும் மாறும்.

பிறகு சொந்த வட்டத்துக்கு இ-சேவையில் விண்ணப்பம். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். இங்கே பார்ப்பது பெற்றோர் வருமானத்தைத்தான், உங்களுடையதை அல்ல. அதிலும் சம்பளமும் விவசாய நில வருமானமும் சேராது. அப்பாவின் சம்பளத்தைக் கூட்டி 8 லட்சம் தாண்டிவிட்டது என்று பொதுப் பிரிவில் போடாதீர்கள். ஆனால் பெற்றோர் அரசின் உயர்நிலைப் பதவியான குரூப் ஏ பதவியில் நேரடியாகச் சேர்ந்தவர் என்றால் சலுகை கிடையாது. விளம்பரம் எந்த நிதியாண்டுச் சான்றிதழைக் கேட்கிறது என்று பாருங்கள். பழையது இருந்தால் ஏப்ரல் பிறந்ததும் புதிதாக வாங்கிவிடுவதே நல்லது. வி.ஏ.ஓ. விசாரணை, மேசை மேசையாகக் கோப்பு நகர்வது என்று நாளாகும். விளம்பரம் வந்தபின் ஓடினால் நேரம் போதாது.

பெயர் இன்னொரு சிக்கல். மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் 'கார்த்திக் சுப்ரமணியன்'. விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியலை விரித்து எழுதிய ஆவணங்களுக்கு, இருவரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாராக இருக்கட்டும்.

அடுத்து மதிப்பெண் கணக்கு. யுஜிசியின் 2018 விதிமுறையில் பல்கலைக்கழகத் துறைகளுக்கான அட்டவணைப்படி பிஎச்டிக்கு 30, ஜேஆர்எஃப்புக்கு (நெட்டோடு கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகைத் தகுதி) 7, வெறும் நெட்டுக்கு 5. ஆய்வுக் கட்டுரைக்குத் தலா 2, அதிகபட்சம் 10. கற்பித்த அனுபவத்துக்கும் ஆண்டுக்கு 2, அதிகபட்சம் 10. ஓராண்டுக்குக் குறைந்த அனுபவத்துக்கும் விகிதப்படி மதிப்பெண் உண்டு. எட்டு மாதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, சம்பளம் நான்கும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு நேர்முகத்துக்கு அழைப்பதற்கு மட்டும்தான். தேர்வு நேர்முகத்தில் முடிவாகும்.

பின்சேர்க்கை: டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்கு ஊரில் கொடுத்த சாதிச் சான்றிதழை ஆதாரமாக வைத்து, டெல்லியில் எஸ்டிஎம் (துணைக்கோட்ட நடுவர்) அலுவலகத்தில் ஓபிசி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அப்பாவிடம் அது இல்லையென்றால் முதலில் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்தில் அதை வாங்குங்கள்.