ராத்திரி பிசைந்த மாவும் விடிகாலைக் கடுங்காப்பியும்

வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் பிரெட் சுடுகிறேன். செவ்வாய் ராத்திரி பிசைந்து புதன் காலை ஒன்று, சனி ராத்திரி பிசைந்து ஞாயிறு காலை ஒன்று. இதைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உனக்கு எங்க நேரம் கிடைக்குது?" நியாயமான கேள்வி. செங்கோட்டையில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். காலை ஒன்பதரை முதல் ஒன்றரை வரை, மறுபடியும் சாயங்காலம் நாலு முதல் எட்டரை வரை. வீட்டுக்காரர் மினி லாரி வைத்திருக்கிறார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு ராத்திரி ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போய், இறக்கிவிட்டு, விடிகாலை ஐந்து மணிவாக்கில் திரும்புவார். எட்டாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன், சர்க்கரை உள்ள அத்தை. இதற்குள் நேரம் எங்கே?

பிரெட்டுக்குப் பத்து மணி நேரம் வேண்டும், வாஸ்தவம்தான். அதில் என் கை படுவது இருபத்தைந்து நிமிடம்கூட இல்லை. மிச்சத்தை மாவு தானே பார்த்துக்கொள்கிறது. இட்லிக்கு ஆட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போகிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இணையத்தில் பார்த்த முறையெல்லாம் "ஒரு மணி நேரம் வை, எடுத்துப் பிசை, இன்னும் ஒரு மணி நேரம் வை" என்று என்னை அடுப்படியிலேயே கட்டிப்போட்டன. ஆறு மாதம் அப்படித் தவித்த பிறகுதான், ஈஸ்ட்டைக் குறைத்து மாவை ஃபிரிட்ஜில் வைக்கும் வழிக்கு வந்தேன்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். மைதா 300 கிராம், கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 250 மில்லி, சர்க்கரை 20 கிராம், உப்பு 7 கிராம், எண்ணெய் 25 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம். அன்றைக்கே சுடுவதென்றால் ஈஸ்ட் 5 கிராமாவது போடுவார்கள். ராத்திரி முழுக்க வைக்கிற மாவுக்கு 2 போதும், அதற்கு மேல் போட்டால் காலையில் புளித்த வாடை அடிக்கும். கோதுமை மாவு ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு மாதிரி தண்ணீர் குடிக்கும் என்பதால், ஒரு கைத் தண்ணீரைத் தனியாக வைத்துக்கொண்டு பார்த்து ஊற்றுங்கள். டம்ளர் கணக்கு வேண்டாம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். என் தொழில் புத்தி என்று வைத்துக்கொண்டாலும் சரி. ஒரே டம்ளரில் நான் அள்ளினால் ஒரு எடை, என் மகள் அமுக்கி அள்ளினால் வேறு எடை.

ஈஸ்ட் வாங்குவதில் ஒரு தடவை ஏமாந்தேன். கடைக்காரர் எப்போதோ பிரித்து வைத்ததைச் சின்னக் கவரில் கட்டிக் கொடுத்துவிட்டார். விடிய விடியக் காத்திருந்தும் மாவு வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. அதிலிருந்து பிரிக்காத பாக்கெட்தான் வாங்குகிறேன். பிரித்த கையோடு காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். சந்தேகம் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். நுரை கட்டினால் உயிர் இருக்கிறது.

ராத்திரி வேலை இப்படி. ஒன்பதேகாலுக்குச் சாப்பாடு முடிந்ததும் மகன் தராசோடு வந்துவிடுவான். பாத்திரத்தை வைத்து, "எம்மா, பூஜ்யம் ஆக்கிட்டேன்" என்பான். அவன் நிறுத்துப் போட, நான் எல்லாவற்றையும் கலந்து ஈரத்துணி மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். இந்த இருபது நிமிடம் சும்மா கிடப்பதிலேயே மாவு பாதி பதத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு எட்டு நிமிடம் பிசைந்தால் போதும். ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளி இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல் விரியவேண்டும், விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியவேண்டும். வந்துவிட்டதா, எண்ணெய் தடவிய தூக்குச்சட்டியில் போட்டு மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு. தூக்குச்சட்டி பாதிக்கு மேல் காலியாக இருக்கட்டும். ஒரு சித்திரையில் சின்னச் சட்டியில் வைத்து, அதுவும் ஃபிரிட்ஜில் வைக்க மறந்து தூங்கிப்போனேன். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பு மேடையில் இறங்கி, அத்தையின் வெற்றிலைச் செல்லம் வரை போயிருந்தது. "என்ன பிள்ள, உன் மாவு வெத்தல போட வந்துட்டு" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

காலை நாலேமுக்காலுக்கு எழுந்து, ஜில்லென்று இருக்கும் மாவைப் பலகையில் தட்டிப் பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டி, மடிப்பு அடிப்பக்கம் போகும்படி எண்ணெய் தடவிய டின்னில் வைத்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. இனி அது உப்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனி, ஆடிச் சாரலில் இரண்டு மணி நேரம்கூட எடுக்கும். குற்றாலத்தில் சீசன் என்றால் எங்களுக்கு இட்லி மாவே பொங்காது, பிரெட் மாவு மட்டும் எப்படிப் பொங்கும்? அதனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். டின் விளிம்புக்கு ஒரு விரல் மேலே வந்ததும் மாவை லேசாக அழுத்துங்கள். குழி மெதுவாக, முக்கால்வாசி எழுந்து வந்தால் பதம். சட்டென்று எழுந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. எழவே இல்லை என்றால் பொழுது கடந்துவிட்டது, உடனே ஓவனில் தள்ளுங்கள்.

மாவு டின்னில் உட்காரும் நேரமும் லாரி தெருமுனையில் திரும்பும் சத்தமும் அநேகமாக ஒன்றாக வரும். அவர் கை கால் கழுவி வருவதற்குள் கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி வைத்துவிடுவேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து குடிப்போம். எதிரே மலை. பகவதிபுரம் பக்கம் ரயில் ஏறினால் பின்னால் ஒட்டிய என்ஜின் முக்கித் தள்ளுகிற சத்தம் இங்கே கேட்கும். மலைப்பாதை என்பதால் முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ளும். 1904-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதையை 2010-இல் நிறுத்தி, அகலப்பாதையாக்கி 2018-இல்தான் முழுசாகத் திறந்தார்கள். அந்த எட்டு வருடமும் விடிகாலை ஊமையாக இருந்தது என்பார் இவர். அந்தக் கால் மணி நேரம்தான் ஒரு நாளில் நாங்கள் இரண்டு பேரும் பேசுவது. ஃபீஸ், டயர், அவர் அம்மாவின் சர்க்கரை அளவு, எல்லாம் அந்தப் படியில்தான் முடிவாகும். பிரெட் நாள் இல்லாத காலைகளில் நான் ஐந்தரைக்குத்தான் எழுவேன், அவர் சத்தமில்லாமல் வந்து படுத்துவிடுவார். ஆகவே வாரத்துக்கு இரண்டு கால் மணி நேரம். குறைவுதான்.

பிறகு வாசல் தெளிப்பு, கோலம், அடுப்பில் இட்லி. ஆறேகாலுக்கு ஓவனை 190 டிகிரியில் வைத்தால் பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். என்னிடம் இருப்பது ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன், 28 லிட்டர். பிரெட்டுக்கு 30 முதல் 35 நிமிடம். மேல்புறம் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளை மேலே போர்த்திவிடுங்கள். வெளியே எடுத்துக் கவிழ்த்து, தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல அடிப்புறத்தில் தட்டுங்கள். பொள்ளென்ற சத்தம் கேட்டால் வெந்துவிட்டது. கரண்ட் பில்லை நினைத்து வீட்டுக்காரர் முதலில் முனகினார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஒரு தடவைக்கு ஒரு யூனிட்டை ஒட்டித்தான் வருகிறது. இரண்டு மாதக் கணக்கில் கொஞ்சம் யூனிட் இலவசமாகக் கிடைக்கிற வீட்டில் பதினாறு பதினெட்டு பிரெட்டுக்குச் சண்டை போட ஒன்றுமில்லை.

ஓவன் இல்லையே என்றால் குக்கர் போதும். கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு விரல் உயரம் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் சூடாக்கி, டின்னை இறக்கி மூடி, தணலைக் குறைத்து நாற்பது நிமிடம் போல வையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. மேல் சிவக்காது, அது ஒன்றுதான் குறை. ஒரு முறை பிரெட் உள்ளே போய்ப் பன்னிரண்டாவது நிமிடத்தில் கரண்ட் போனது. கதவைத் திறக்காமல் அப்படியே விட்டு, அந்தச் சூட்டிலேயே வேகவைத்துக்கொண்டு, பக்கத்தில் பிரியாணி சட்டியை இதே மாதிரி காயவைத்து மாற்றினேன். தலை கொஞ்சம் வெளுத்த பிரெட் கிடைத்தது. பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது அந்த 35 நிமிடத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்ததே. நம் வீடுகளில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒரு வேலை சொல்லிவிடுவார்கள். நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன், துவைத்த துணி மடிக்காமல் கிடக்கிறது என்று. ஆனால் "ஓவன்ல பிரெட் இருக்கு, பார்க்கணும்" என்றால் ஒருவரும் கூப்பிடுவதில்லை. உண்மையில் பார்க்க ஒன்றுமே இல்லை, அது பாட்டுக்கு வேகும். இந்த ரகசியத்தை நான் வீட்டில் சொன்னதில்லை. ஒரு முக்காலியைப் போட்டு ஓவன் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவேன். போன் உள்ளறையில். புத்தகமும் கிடையாது. பத்தாவது நிமிடத்தில் மாவு தலை தூக்கும், பதினைந்தில் மணம் வரும், அப்புறம் நிறம். புதன்கிழமை இட்லியும் ஸ்கூல் பையும் நடுவில் வந்து எனக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம்தான், மீதியை மகள் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிறு முழுசாக. நீங்கள் புதிதாக ஆரம்பிப்பதாக இருந்தால் ஞாயிறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதன்கிழமை எனக்கு வசப்பட ஒரு வருடம் ஆனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மணம் தெருவுக்குப் போனால் ஆர்டர் வரும். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் கேட்டார்கள். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883-இல் தலச்சேரியில் பேக்கரிக்காரர் மாம்பள்ளி பாபு சுட்டார் என்று மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் புனலூர் வழியாக எங்கள் ஊர் வரை வந்துவிட்டது. டிசம்பரில் டவுனில் பாதிப்பேர் கேக் கேட்பார்கள். நானும் ஆசைப்பட்டுப் பதினோரு கேக்குக்குத் தலையாட்டிவிட்டேன். அது சபரிமலை சீசன் என்பது மறந்துபோனது. அச்சன்கோவில், ஆரியங்காவு போகிற சாமிமார் கடையில் வரிசையாக நின்று கால்வலித் தைலமும் பிளாஸ்திரியும் கேட்கிற மாதம். ஒன்பது மணிக்குக் கடையைவிட்டு வந்து, ராத்திரி ஒரு மணி வரை முந்திரி நறுக்கினேன். சர்க்கரையைக் கருக்கி கேரமல் எடுக்கும்போது தூக்கக் கலக்கத்தில் வெந்நீருக்குப் பதில் பச்சைத் தண்ணீரைக் குபீரென்று ஊற்றி, மணிக்கட்டில் தெறித்தது. கேக்கெல்லாம் நன்றாகவே வந்தது. ஆனால் அந்த மாதம் நான் பிள்ளைகளிடம் பேசியதெல்லாம் "தள்ளு, தள்ளு" என்பதுதான். அதற்கப்புறம் கேட்பவர்களுக்கு என் அளவை எழுதிக் கொடுத்துவிடுகிறேன், கேக் கொடுப்பதில்லை. வீட்டுக்கு மட்டும் ஒன்று. திராட்சை, பேரீச்சம்பழம், ஆரஞ்சுத் தோலைத் திராட்சை ஜூஸில் ஊறவைப்பேன், அத்தை இருக்கும் வீட்டில் ரம் வாசலைத் தாண்டாது. ஜூஸில் ஊறுவதை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் சுட்டுவிட வேண்டும், ரம் மாதிரி மாதக்கணக்கில் தாங்காது.

அத்தைக்கு மெல்லிசாக இரண்டு துண்டு, அதற்கு மேல் கிடையாது. கோதுமை கலந்திருக்கிறதே என்று கடையில் பலர் கேட்கிறார்கள். கோதுமை பிரெட்டும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அத்தைக்கு இது தெரியும், தெரிந்தே மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டுவார். "நான் பிறந்தப்ப இந்த ஊரு திரு-கொச்சி பிள்ள, என்னை மெட்ராஸ் சட்டத்துல அடக்காத" என்பார். அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டை, அப்போது மெட்ராஸ் மாநிலம் என்றிருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அன்றைக்கு அவருக்கு ஒரு வயது.

வெளியே எடுத்த பிரெட்டை உடனே வெட்டாதீர்கள். உள்ளே ஆவி அடங்காமல் வெட்டினால் களிபோலக் கத்தியில் ஒட்டும். ஒன்றரை மணி நேரமாவது கம்பித் தட்டில் ஆறட்டும். அதனால் புதன் காலை சுட்டது சாயங்காலம் பிள்ளைகள் வந்த பிறகுதான் வெட்டப்படும், வியாழன் டிபன் பாக்ஸுக்கும் போகும். மூன்றாம் நாள் கொஞ்சம் வறண்டிருக்கும். சனிக்கிழமை மதியம் சொதி வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. மிஞ்சின துண்டுகளைத் தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று வாட்டி, தேங்காய்ப்பால் சொதியில் தோய்த்து, இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள். கடைசித் துண்டு யாருக்கு என்பதில் மகனுக்கும் அவன் அப்பாவுக்கும் தகராறு வரும். நான் அதில் தலையிடுவதில்லை, ராத்திரிக்கு மாவு நிறுக்க வேண்டும்.